குறைமாதக் குழந்தையின் தாயும் பால் பெருக்கி மூலிகைகளும்

கர்ப்பம் 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறக்கின்றன. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் ஒருசேரச் செய்யும் திறன் 34ஆம் வாரத்தையொட்டித்தான் குழந்தைக்குக் கைகூடுகிறது. அதற்கு முன் பிறந்துவிட்டால், இரைப்பைவரை இறங்கும் மெல்லிய குழாய் வழியாகவும், கொஞ்சம் தேறியதும் பாலாடையிலும் பால் புகட்டுவார்கள். குழந்தை இன்குபேட்டரில் இருக்கும்; தாய் வேறு மாடியில் இருப்பார், சில வேளை வேறு ஊர் மருத்துவமனையிலேயே இருப்பார். மார்பில் குழந்தை வாய் வைக்காமலேயே பால் சுரந்தாக வேண்டிய கட்டாயம் இந்தத் தாய்க்கு. பால் பெருக்கி என்று பெயர்பெற்ற மூலிகைகளைத் தேடி வீட்டார் கிளம்புவது இந்தக் கட்டத்தில்தான்.

மூலிகை என்ன செய்யும், என்ன செய்யாது என்று பார்ப்பதற்குப் பால் ஊறும் விதம் தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே பால் சுரப்பிகள் ஆயத்தமாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு எந்த மாதத்தில் பிரசவமானாலும் மார்பில் சீம்பால் இருக்கும். குறைமாதத்தில் பெற்றவளுக்குப் பால் இருக்காது என்ற பேச்சு தவறு. நஞ்சுக்கொடி உள்ளே இருக்கும்வரை புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் பெருஞ்சுரப்பை அடக்கிவைக்கிறது. நஞ்சு விழுந்ததும் புரோஜெஸ்டிரோன் சரிந்து, பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனுக்கு வழிவிடுகிறது. இரண்டு மூன்று நாளில் மார்பு கனத்துப் பால் ஊறுகிறது. இதுவரை நடப்பது ஹார்மோன்களின் வேலை. அதன்பிறகு கணக்கு மாறிவிடும். எடுத்தால் ஊறும், தேங்கினால் வற்றும். தேங்கிக் கிடக்கும் பாலே மேற்கொண்டு சுரப்பதைத் தடுக்கிறது. நிறைமாதக் குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை குடித்து மார்பைக் காலிசெய்கிறது. குறைமாதத் தாய்க்கு அந்த வேலையைக் கையும் பம்பும்தான் செய்ய வேண்டும்.

குறைமாதப் பிரசவத்தில் பால் ஊறுவது தாமதமாவதற்குக் காரணங்கள் பல உண்டு. குழந்தையின் நுரையீரல் முதிர வேண்டும் என்று பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் பால் இறங்குவதைச் சற்றுத் தள்ளிப்போடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அறுவைப் பிரசவம், கர்ப்பகாலச் சர்க்கரை, உடற்பருமன், பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு ஆகியவையும் அதையே செய்கின்றன. இரத்த அழுத்தம் ஏறி, தாயைக் காப்பாற்றுவதற்காகவே குழந்தையை முன்கூட்டி எடுத்திருந்தால், அவர் இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்மூடிக் கிடப்பார்; பால் எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. இவற்றோடு பயமும் சேர்ந்துகொள்கிறது. ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று வார்டு வராந்தாவில் இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உண்மை நேர் எதிரானது. கருப்பையில் ஒவ்வொரு வாரம் கூடுதலாக இருப்பதும் குழந்தைக்கு ஆதாயம்தான். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்ட தாய் அன்றிரவு பால் எடுக்க உட்கார மாட்டார்.

இந்தப் பிரிவுகளில் வேலை செய்யும் செவிலியர்கள் முதலில் கற்றுக்கொள்வது அளவுகளைப் பேசும் விதம். முதல் நாள் அரை மணி நேரம் பிழிந்தும் கிண்ணத்தின் அடியில் ஒட்டும் அளவுதான் சீம்பால் வரும். அதைப் பார்த்ததும் பாட்டி, “புள்ளைக்குப் பால் ஊறலையே” என்பார். ஆனால் 1,200 கிராம் குழந்தைக்கு முதல் நாளில் ஒரு கிலோவுக்கு 20 மி.லி. வீதம் தொடங்கினால், நாள் முழுவதற்கும் 24 மி.லி. போதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 2 மி.லி. அதுவும் முடியாத குழந்தைக்குச் சில துளிகளைக் கன்னத்தின் உட்புறம் தடவினால் போதும். முழு அளவு எட்டும்போதுகூட ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 150 முதல் 180 மி.லி.தான் தேவை. இந்தக் கணக்கை யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால் பாதி வீடுகளில் லேகியப் பேச்சே எழுந்திருக்காது.

ஆனாலும் தாய்க்கு வைக்கப்படும் இலக்கு பெரியது: இரண்டு வாரம் முடிவதற்குள் ஒரு நாளைக்கு 500 மி.லி., முடிந்தால் அதற்கும் மேல். குழந்தை இன்று குடிப்பது கொஞ்சமாக இருக்கலாம்; இரண்டு மாதம் கழித்து அதுவே நிறைமாதக் குழந்தையைப் போலக் குடிக்கும். அப்போதைய சுரப்புக்கு அடித்தளம் போடுவது இந்த முதல் இரண்டு வாரம். இதைத் தவறவிட்டால் பிறகு உயர்த்துவது கடினம். குறைமாதக் குழந்தையின் குடல் அழுகிப் போகும் கொடிய நோய் ஒன்று உண்டு; அதைத் தடுப்பதில் தாயின் பாலுக்கு நிகராக எதுவும் இல்லை. பால் விஷயத்தில் வார்டு இவ்வளவு பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

மூலிகை என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு பொருட்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, வீட்டுச் சமையல். பூண்டுக் குழம்பு, பூண்டு வேகவைத்த பால், முருங்கைக்கீரைப் பொரியல், வெந்தயக் களி, பப்பாளிக்காய்க் கூட்டு, சதகுப்பையும் சுக்கும் திப்பிலியும் சேர்ந்த பிரசவ லேகியம், மதுரைப் பக்கம் பருத்திப்பால். கடலோர ஊர்களில் பால்சுறாப் புட்டு. அது மூலிகை இல்லை என்றாலும் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். இன்னொன்று, கடையில் விற்கும் பொருள்: தண்ணீர்விட்டான் கிழங்கு சேர்ந்த குருணை, வெந்தய மாத்திரை, முருங்கை இலைக் காப்ஸ்யூல், வெளிநாட்டிலிருந்து வரும் ‘தாய்ப்பால் தேநீர்’. முதல் வகையை உணவாகவே கொள்ளலாம். பெற்ற உடம்புக்கு எண்ணெயும் புரதமும் இரும்பும் தேவை. அந்தத் தேவையைப் பத்தியச் சாப்பாட்டின் ஒரு பகுதி நன்றாகவே நிறைவேற்றுகிறது. கெடுதல் செய்வது அதே பத்தியத்தின் விலக்குப் பட்டியல். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று சித்திரை வெயிலிலும் தாயை நாள் முழுக்க ஒரு சொம்புத் தண்ணீரில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. தாகத்துக்குக் குடிக்க விட வேண்டும். தாகத்துக்கு மேல் குடம் குடமாகக் குடித்தாலும் பால் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தண்ணீர்விட்டான் கிழங்கு, வடமொழியில் சதாவரி, இவற்றில் அதிகம் விற்பது. சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் இதைப் பால் பெருக்கி என்று வகுத்திருக்கின்றன. கிழங்கில் சபோனின் வகைப் பொருட்கள் உண்டு. பாலுக்கு இது உதவுகிறதா என்று இந்தியாவில் நடந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. 1996இல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளிவந்த சோதனையில், சதாவரி மருந்து சாப்பிட்ட தாய்மாருக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 2011இல் வெளிவந்த இன்னொன்றில், 60 தாய்மார்களிடையே, கிழங்குப் பொடி சாப்பிட்டவர்களின் புரோலாக்டின் உயர்வு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. இரண்டுமே குறைமாதத் தாய்மாரைக் கருதிச் செய்தவை அல்ல. குருணையாக விற்கும் பொருளில் கிழங்கைவிடச் சர்க்கரைதான் பெரும்பங்கு என்பதை உறையின் பின்புறத்துச் சிற்றெழுத்தைப் படித்தால் தெரிந்துகொள்ளலாம். கர்ப்பகாலச் சர்க்கரையால் அவதிப்பட்டு, அதனாலேயே முன்கூட்டிப் பிரசவித்த தாய்க்கு இதைப் பாலில் கலந்து மூன்று வேளையும் கொடுப்பது என்ன வைத்தியம் என்று தெரியவில்லை.

வெந்தயம் உலகம் முழுவதும் பயன்படுகிறது. நூல்களில் சொல்லப்படும் அளவு நாளொன்றுக்கு 1 முதல் 6 கிராம். ஒரு கிண்ணம் வெந்தயக் களியிலேயே அந்த அளவு எளிதில் சேர்ந்துவிடும். ஆகவே களி சாப்பிடும் வீட்டில் மாத்திரையையும் வாங்குவது வீண். துருக்கியில் 2011இல் வெளிவந்த ஆய்வு, வெந்தயம் கலந்த மூலிகைத் தேநீர் குடித்த தாய்மாருக்குத் தொடக்க நாட்களில் பால் கூடியதாகவும், குழந்தைகள் பிறந்த எடையை விரைவில் மீட்டதாகவும் கண்டது. 2013இல் அமெரிக்காவில் வெளிவந்த சிறிய ஆய்வு, குறைமாதத் தாய்மாரை மட்டுமே எடுத்துக்கொண்டு வெந்தயம் கொடுத்துப் பார்த்தது; பாலின் அளவிலும் புரோலாக்டினிலும் வேறுபாடு இல்லை. வெந்தயத்தால் வரும் தொல்லை ஒன்றைப் பச்சிளங்குழந்தைப் பிரிவினர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதிலுள்ள ஒரு நறுமணப் பொருள் தாயின் வியர்வையிலும் குழந்தையின் சிறுநீரிலும் வெல்லப்பாகு வாசனையாக வெளிப்படும். பிறவியிலேயே சில அமினோ அமிலங்களைச் செரிக்க முடியாத ஓர் அரிய நோயிலும் சிறுநீர் இதே வாசனை வீசும். தாய் வெந்தயம் சாப்பிட்டதைச் சொல்லாமல் விட்டதால் குழந்தைக்கு அந்த நோயோ என்று சந்தேகித்துப் பரிசோதனை செய்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தவிர, வெந்தயம் சர்க்கரையை இறக்கும், இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் மருந்தின் வீரியத்தைக் கூட்டும், கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம்.

குறைமாதத் தாய்மாரையே எடுத்துக்கொண்ட ஆய்வுகளில் குறிப்பிடத்தக்கது முருங்கையைப் பற்றியது. பிலிப்பைன்ஸில் முருங்கைக்கு மலுங்காய் என்று பெயர். அங்கும் பிள்ளை பெற்றவளுக்கு அதுதான் கீரை. 2000ஆம் ஆண்டில் அங்கே வெளிவந்த சோதனையில், மார்பில் குழந்தை வைக்க முடியாத குறைமாதத் தாய்மாருக்கு 250 மி.கி. இலைக் காப்ஸ்யூலைத் தினம் இருவேளை கொடுத்தார்கள். 4ஆம், 5ஆம் நாட்களில் அவர்கள் எடுத்த பால் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகமாக இருந்தது. சிறிய ஆய்வு, சில நாட்களே பார்த்தது. ஆனால் முருங்கைக்கீரை தாய்க்குச் சத்தான உணவு, வாசலில் மரம் இருந்தால் காசும் இல்லை. இந்தப் பட்டியலில் தயக்கமில்லாமல் சாப்பிடச் சொல்லக்கூடியது இதுதான்.

பூண்டு பாலைக் கூட்டும் என்பதற்குச் சான்று மெலிது. பாலின் வாசனையை மாற்றுகிறது என்பது உறுதி; தாய் பூண்டு சாப்பிட்ட நாளில் குழந்தைகள் மார்பில் கூடுதல் நேரம் இருந்ததை 1991இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. குழாயில் பால் போகும் குழந்தைக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை. இத்தாலியில் பால் முள்செடியிலிருந்து எடுக்கும் சிலிமரினைக் குறைமாதத் தாய்மாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓர் ஆய்வில் பயன் தெரியவில்லை, வேறொரு செடியின் சாற்றோடு சேர்த்துக் கொடுத்தபோது பால் கூடியது. ஊருக்கு ஊர் செடிதான் மாறுகிறது. வடக்குச் சுமத்ராவின் பத்தாக் மக்கள் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் தோர்பாங்குன் கீரைக் குழம்பு ஊற்றுவார்கள். அதைப் பற்றிய ஆய்வும் நல்ல முடிவையே சொல்கிறது. அந்தத் தோர்பாங்குன் நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவள்ளி. இங்கே அது குழந்தையின் சளிக்குப் போகிறது, பாலுக்கு யாரும் அதை நினைப்பதில்லை. அம்மான் பச்சரிசியை இங்கே பாலுக்குக் கொடுப்பதற்கு, கிள்ளினால் அதில் பால் வடிகிறது என்பதைத் தவிர வேறு காரணம் எளிதில் தென்படவில்லை.

2020இல் வெளிவந்த கோக்ரேன் தொகுப்பாய்வு, பால் பெருக்க வாய்வழி கொடுக்கும் மூலிகைகளையும் மருந்துகளையும் பற்றிய 41 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது; மொத்தம் 3,005 தாய்மார். மூலிகைகளால் பயன் இருக்கக்கூடும், ஆனால் சான்றின் தரம் மிகக் குறைவு என்பது அதன் முடிவு. அந்தத் தொகுப்பு நிறைமாதத்தில் பிறந்து வீட்டில் இருக்கும் குழந்தைகளின் தாய்மாரைப் பற்றியது மட்டுமே. மூலிகைப் பொருளின் உறையில் ஆய்வுச் சான்று என்று போட்டிருப்பதில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. குறைமாதத் தாயின் நிலை வேறு. அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்ற பன்னாட்டு மருத்துவர் அமைப்பு 2018இல் தன் நெறிமுறையைத் திருத்தியபோதும் எந்தப் பால் பெருக்கியையும் குறிப்பிட்டுப் பரிந்துரைக்கவில்லை.

மூலிகைக்குப் பெயர் எப்படிக் கிடைக்கிறது என்பதை மருந்துச் சோதனை ஒன்றைக் கொண்டு விளக்கலாம். டோம்பெரிடோன் வாந்திக்கான மாத்திரை; புரோலாக்டினை உயர்த்துவதால் பாலுக்கும் கொடுக்கப்படுகிறது. கனடாவில் 90 குறைமாதத் தாய்மாரிடம் நடத்திய சோதனை 2017இல் வெளிவந்தது. இரண்டு வாரத்தில் பால் பாதியளவுக்காவது கூடியவர்கள், மாத்திரை சாப்பிட்டவர்களில் 78 விழுக்காடு. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 58 விழுக்காடு. மாத்திரைக்குப் பலன் உண்டு என்று ஒரு கண்ணும், ஒன்றும் சாப்பிடாமலே பாதிப் பேருக்கு மேல் பால் கூடியது என்று மற்றக் கண்ணும் பார்க்க வேண்டிய கணக்கு இது. ஒழுங்காகப் பால் எடுத்துவரும் தாய்க்கு முதல் மாதத்தில் பால் ஏறுமுகமாகத்தான் இருக்கும். அந்த ஏறுமுகத்தில் எந்த நாளில் லேகிய டப்பாவைத் திறந்தாலும், அடுத்த வாரம் டப்பாவுக்குத்தான் பெயர். டோம்பெரிடோனும் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது என்பதால் மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் பொருள் அல்ல.

மூலிகையை நம்பி நாள் தள்ளுவதுதான் அதனால் வரும் முதல் கெடுதல். பால் குறைவதற்குப் பின்னால் தைராய்டு குறைபாடு இருக்கலாம், இரத்தசோகை இருக்கலாம், நஞ்சின் துண்டு கருப்பையில் தங்கியிருக்கலாம். நஞ்சுத் துண்டு தங்கிவிட்டால் புரோஜெஸ்டிரோன் சரியாது. எத்தனை கிண்ணம் களி சாப்பிட்டாலும் பால் இறங்காது. உதிரப்போக்கில் மூளையடிச் சுரப்பிக்கே சேதம் ஏற்பட்டிருந்தால் புரோலாக்டினே இருக்காது. நான்கு நாளாகியும் மார்பு கனக்கவில்லை என்று ஒரு தாய் சொன்னால் அது மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டிய செய்தி, நாட்டுமருந்துக் கடைக்குப் போக வேண்டியது அல்ல.

அடுத்தது இரத்த அழுத்தம். லேகியங்களில் இனிப்புக்கும் தொண்டைக்கும் அதிமதுரம் சேர்ப்பது வழக்கம். அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். அழுத்தத்துக்காகவே முன்கூட்டிப் பிரசவித்து, இன்னும் மாத்திரையில் இருக்கும் தாய்க்கு இது ஆகாது. மூன்றாவது, கன உலோகங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன என்று 2004இல் வெளிவந்த ஆய்வு கண்டது. தாயின் இரத்தத்தில் ஏறும் ஈயம் பாலில் இறங்குகிறது. 1,200 கிராம் குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் சமாளிக்கும் நிலையில் இல்லை. உரிம எண்ணும் தயாரிப்புத் தேதியும் மூலப்பொருள் பட்டியலும் இல்லாத பொட்டலத்தை, கொடுத்தவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், இந்தத் தாய் சாப்பிடக் கூடாது. வீட்டில் இடித்த சுக்கு, மிளகு, திப்பிலி வேறு; பெயர் தெரியாத செந்தூரம் கலந்த பொடி வேறு.

பால் கூட்டுவதில் மறுக்க முடியாத பலன் உள்ளவை கடையில் விற்பதில்லை. பிரசவித்த முதல் ஆறு மணி நேரத்துக்குள், தாய் படுக்கையில் இருந்தாலும் செவிலியர் கையாலேயே, சீம்பால் எடுக்கத் தொடங்க வேண்டும். 24 மணி நேரத்தில் எட்டு முறைக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். இரவில் ஒரு முறையாவது அலாரம் வைத்து எழ வேண்டும். புரோலாக்டின் இரவில்தான் உயர்ந்து நிற்கிறது. உடம்பு தேறட்டும், புள்ளை தூங்கட்டும் என்று மாமியார் இரக்கப்பட்டு எழுப்பாமல் விடும் அந்த ஆறு மணி நேரம் பாலுக்கு வைக்கும் உலை. பம்பு மட்டும் போதாது. எடுப்பதற்கு முன்னும் எடுக்கும்போதும் மார்பைத் தடவிவிட்டு, பம்பு முடிந்ததும் கையால் மிச்சத்தைப் பீய்ச்ச வேண்டும். கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், குறைமாதத் தாய்மாருக்கு இந்தக் கைவேலையைக் கற்றுக்கொடுத்ததும் அன்றாடப் பால் 48 விழுக்காடு கூடியது.  பம்பின் வாய் மார்புக்காம்பின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் இதில் சேரும். பொருந்தாத வாயால் காம்பு வெடித்து, வலிக்குப் பயந்து எடுப்பதைக் குறைத்து, அதனால் பால் வற்றி, பிறகு ‘சுரப்புக் குறைவு’ என்று சீட்டு எழுதப்படும் தாய்மார் எல்லா வார்டிலும் இருக்கிறார்கள்.

கங்காரு பராமரிப்பு இன்னொன்று. கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல், 1970களின் இறுதியில் தொடங்கிய முறை. டயப்பர் மட்டும் கட்டிய குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் வைத்துத் துணியால் கட்டிவிடுவார்கள். உலக சுகாதார அமைப்பு 2022இல் வெளியிட்ட பரிந்துரை, பிறந்ததுமே இதைத் தொடங்கி நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வைத்திருக்கச் சொல்கிறது. குழந்தையைக் கழற்றி வைத்த கையோடு பால் எடுத்தால் கிண்ணத்தில் வித்தியாசம் தெரியும். கங்காருவுக்கு உட்கார இடமில்லாத, சாய்வு நாற்காலி இல்லாத பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. மூலிகைக்குச் செலவாகும் பணத்தில் வார்டுக்கு ஒரு நாற்காலி வாங்கிவிடலாம்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்து, இரண்டு வாரம் முடிந்து, குறிப்பேட்டில் எடுத்த நேரமும் அளவும் எழுதிவந்தும் நாளுக்கு 350 மி.லி.யைத் தாண்டவில்லை என்றால், காரணம் தேடி இரத்தப் பரிசோதனைகளும் செய்து முடித்திருந்தால், அப்போது ஒரு மூலிகையை முயன்று பார்ப்பதில் தவறில்லை. ஒரு நேரத்தில் ஒன்றுதான். எந்தத் தேதியில் தொடங்கியது என்று அதே குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் கோடு ஏறவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். குழந்தையின் பிரிவில் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். குறிப்பேடு இல்லாத தாய்க்கு மூலிகை பலித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அவரே சொன்னாலும் நம்புவதற்கில்லை.

வீட்டார் கொண்டுவரும் லேகியத்தை வார்டு முகம் சுளித்து ஒதுக்குவதும் சரியல்ல. கண்ணாடிக்கு வெளியே நிற்கும் பாட்டியால் குழந்தைக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதை வேண்டாம் என்று வெடுக்கெனச் சொன்ன இடங்களில் தாய் ஒளித்துச் சாப்பிடுகிறார், கேட்டாலும் சொல்ல மாட்டார். டப்பாவை வாங்கிப் பார்த்து, பட்டியலைப் படித்து, ஆகாததை மட்டும் எடுத்துச் சொல்லி, “பாட்டி, ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்கதான் எழுப்பிவிடணும்” என்று வேலை கொடுக்கும் செவிலியர்களின் வார்டில் கிண்ணங்கள் நிறைகின்றன.

குறைமாதக் குழந்தைகள் எல்லாமும் பிழைப்பதில்லை. குழந்தை போன பிறகும் மார்பு கனத்துக்கொண்டே இருக்கும். அப்போது மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைச் சோதித்து 1988இல் வெளியிட்டார்கள். பால் நிறுத்தக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டபோது மல்லிகையும் புரோலாக்டினைக் குறைத்துப் பாலை அடக்கியது. பாலைத் தூண்டும் செடிகளைப் பற்றிக் குவிந்திருக்கும் பேச்சோடு ஒப்பிட்டால், பாலை நிறுத்தும் இந்தப் பூவைப் பற்றிச் சொல்பவர் குறைவு. பாலூட்டும் தாய் மார்பருகில் மல்லிகைச் சரம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வதற்கும் இதுவே காரணமாகிறது. தலையில் நான்கு முழம் சூடுவதைப் பற்றி ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

எல்லாம் செய்தும் பால் போதாத தாய்மார் உண்டு. அவர்களுக்குப் பவுடர் பால் அடுத்த வழி அல்ல, தானப் பால். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி மும்பையின் சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2014 முதல் வந்தன. தானம் தருபவருக்குப் பரிசோதனை உண்டு, பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துப் பக்குவப்படுத்தியே தருகிறார்கள். தாயின் சொந்தப் பால் 20 மி.லி. வந்தாலும் அது முதலில் போக வேண்டும். மீதிக்குத் தானப் பால். வங்கி இருக்கும் மருத்துவமனையில் குழந்தை இருந்தால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். தாய் சாப்பிடும் லேகியம், பொடி, குருணை, மாத்திரை எதுவானாலும் உறையோடு கொண்டுபோய் வார்டில் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.